பதினேழு வயது முகத்தை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டார்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அமெரிக்கக் கலைஞர் டேவிட் வாய்னரோவிச், பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரிம்போவின் முகத்தைக் காகித முகமூடியாக்கி, நண்பர்களுக்கு மாட்டிவிட்டு, நியூயார்க் தெருக்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை எங்கோ பார்த்திருக்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கலகம் செய்து பெயர் வாங்கியவனின் முகத்தைக் கடன் வாங்கி நானும் கலகக்காரன் என்று காட்டிக்கொள்வது சோம்பேறித்தனம் இல்லையா என்று கேட்கிறீர்கள். ரிம்போவைப் படிக்காதவருக்கு இந்தப் படங்கள் புரியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவர் எழுதிய கவிதையிலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டால் எதை எடுத்தார் என்று வரிக்கு வரி காட்டிவிடலாம். ஒருவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டால் எதை எடுத்தார் என்று எப்படிக் காட்டுவது, அதில் எடுத்தவருடைய சொந்த உழைப்பு எது?

நான் இலக்கிய ஆய்வாளன் இல்லை. பல வருஷம் இருட்டறையில் பிரின்ட் போட்டுப் பிழைத்து, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் புகைப்படம் கற்றுக்கொடுத்தவன். ரிம்போவை ஆங்கிலத்தில்தான் முழுசாகப் படித்தேன். பிரெஞ்சு மூலத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டுவேன், அவ்வளவுதான். வாய்னரோவிச்சின் படங்களையும் புத்தக அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் கவிதையின் ஓசை பற்றியோ, மூலப் பிரின்டின் கறுப்பு எவ்வளவு ஆழம் என்பது பற்றியோ என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். முகமூடியும் கேமராவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

ரிம்போவின் வாழ்க்கையை இரண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டால் மேற்கொண்டு பேசுவது சுலபம். 1854 அக்டோபரில் பிரான்ஸின் வடகிழக்கு மூலையில் ஷார்ல்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ராணுவ அதிகாரியான அப்பா, பையனுக்கு ஆறு வயது இருக்கும்போதே வீட்டைவிட்டுப் போய்விட்டார், திரும்பவே இல்லை. அம்மா கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு. பள்ளிக்கூடத்தில் பரிசு மேல் பரிசாக வாங்கிக்கொண்டிருந்த பையன் 1870 ஆகஸ்டில், பிரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், சரியான டிக்கெட் இல்லாமல் ரயிலேறி பாரிஸுக்கு ஓடினான். ஸ்டேஷனிலேயே பிடித்து ஜெயிலில் போட்டார்கள், அவனுடைய வாத்தியார் ஏற்பாடு செய்து வெளியே எடுத்தார். அடுத்த வருஷம் மே மாதம் எழுதிய இரண்டு கடிதங்களில்தான் 'நான் என்பது வேறொருவன்' என்ற அந்தப் பிரபலமான வாக்கியம் வருகிறது. இலக்கணப்படி பார்த்தால் பிழையான வாக்கியம், வேண்டுமென்றே செய்த பிழை. 'நான்' என்ற சொல்லுக்குப் படர்க்கை வினையைப் போட்டிருப்பார், தமிழில் 'நான் வேறொருவனாக இருக்கிறான்' என்று எழுதுவது மாதிரி. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முகமூடிக்கு வரும்போது தேவைப்படும். 1871 செப்டம்பரில் கவிஞர் வெர்லேன் கூப்பிட்டு பாரிஸ் போனது, இருவரும் காதலர்களானது, லண்டனில் பட்டினி கிடந்தது, 1873 ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் வெர்லேன் குடிபோதையில் சுட்டு ரிம்போவின் மணிக்கட்டில் குண்டு பாய்ந்தது, அதற்காக வெர்லேன் 2 வருஷத் தண்டனை வாங்கி ஜெயிலுக்குப் போனது எல்லாம் எந்த அறிமுகக் கட்டுரையிலும் கிடைக்கும். இருபது, இருபத்தொரு வயதுக்குள் எழுதுவதை நிறுத்திவிட்டார். இது முதல் துண்டு.

இரண்டாவது துண்டு அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. டச்சுக் காலனிப் படையில் சேர்ந்து ஜாவாவுக்குப் போய் அங்கிருந்து ஓடிவந்தார், சைப்ரஸில் கூலிகளை மேய்த்தார், 1880ல் ஏடனுக்கு வந்து ஒரு காப்பிக்கொட்டை வியாபாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது ஏடன் பம்பாய் ராஜதானியின் நிர்வாகத்தில் இருந்த ஊர் என்பதால் சம்பளம் நம்ம ரூபாயில்தான். அங்கிருந்து எத்தியோப்பியாவின் ஹராருக்கு. 1887ல் மெனெலிக் மன்னருக்குத் துப்பாக்கி விற்கப் போய் நன்றாக ஏமாந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் முழுக்கக் கணக்கு, வெயில், சரக்கு, புலம்பல். 1891ல் முழங்காலில் கட்டி வந்து மார்செய் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள், அதே வருஷம் நவம்பர் 10ஆம் தேதி செத்துப்போனார், வயது 37.

இப்போது வாய்னரோவிச்சுக்கு வருவோம். 1954 செப்டம்பரில் நியூஜெர்சியில் பிறந்தவர், அதாவது ரிம்போவுக்கு ஏறக்குறைய சரியாக நூறு வருஷம் பின்னால். அப்பா கப்பல் வேலைக்காரர், குடிகாரர், பிள்ளைகளைப் போட்டு அடிக்கிறவர். பையன் பதின்வயதில் டைம்ஸ் ஸ்கொயரில் உடம்பை விற்றுப் பிழைத்தான், தெருவில் தூங்கினான், அப்புறம் சரக்கு ரயிலிலும் வழியில் கைகாட்டி ஏறிய வண்டிகளிலும் நாட்டைச் சுற்றினான். ஓவியராகவோ புகைப்படக்காரராகவோ ஆவதற்கு முன்னால் எழுத்தாளராகத்தான் ஆசைப்பட்டார். ஒருபாலீர்ப்பு உள்ளவர். இவ்வளவையும் அடுக்கி வைத்தால் ரிம்போ எங்கே முடிகிறார் இவர் எங்கே ஆரம்பிக்கிறார் என்று தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொள்கிறது, இல்லையா? அந்த ஒட்டுதலைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். வாய்னரோவிச் தன் சிறுவயதைப் பற்றிப் பேட்டிகளில் சொன்ன கதைகளில் வயதும் வருஷமும் அங்கங்கே இடிக்கின்றன, சிலது சுருக்கியும் சிலது கூர்மையாக்கியும் சொல்லப்பட்டவை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய சிந்தியா கார் தேடிப்பிடித்துக் காட்டியிருக்கிறார். அடிவாங்கியது பொய், தெருவில் கிடந்தது பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. நடந்ததைச் சொல்லும்போது ஒரு வடிவத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். அந்த வடிவத்தில் ரிம்போவின் பங்கு எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஒருவேளை ரிம்போவைப் படித்த பிறகுதான் தன் கதையை இப்படிச் சொல்லலாம் என்று தோன்றியிருக்கலாம். இது என் ஊகம், ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் மூலமே கலப்படம்தான். ரிம்போ செத்த பிறகு அவருடைய தங்கை இஸபெலும், தங்கை கணவரும் சேர்ந்து அவரை ஒரு நல்ல கத்தோலிக்கராக, மரணப்படுக்கையில் மனம் திரும்பியவராகத் தீட்டினார்கள். அவர் தானே முன்நின்று அச்சிடச் சொன்ன ஒரே புத்தகம் 'நரகத்தில் ஒரு பருவம்'. அதன் பிரதிகளை எல்லாம் அவரே தீயில் போட்டுவிட்டார் என்பது ரொம்ப நாள் உலவிய கதை, கலகக்காரனுக்கு ஏற்ற கதை, கேட்க நன்றாகவே இருக்கும். 1901ல் பிரஸ்ஸல்ஸ் அச்சகத்தில் அந்தப் புத்தகம் நானூறு பிரதிகளுக்கு மேல் கட்டுக்கட்டாகக் கிடந்ததை ஒருவர் கண்டுபிடித்தார். அச்சுக்கூலி பாக்கி, அதனால் வாங்கிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். தீயும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆக, ஒரு கவிஞனின் வாழ்க்கையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்றால் ஏற்கெனவே நாலு பேர் கைவைத்த சரக்கைத்தான் எடுக்கிறார். முழுசாக எடுக்கவும் முடியாது. எதை எடுத்தார், எதை விட்டார் என்பதில்தான் அவருடைய உழைப்பைத் தேட வேண்டும், உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான்.

சரி, என்ன எடுத்தார்? ஒரு முகத்தை. 1871 கடைசியில் பாரிஸில் எத்தியென் கார்ஜா என்ற புகைப்படக்காரர் எடுத்த படம்: கலைந்த முடி, கோணலாகக் கட்டிய டை, எங்கோ தூரத்தில் நிற்கிற வெளிறிய கண். வயது பதினேழு. (இதே கார்ஜாவை அடுத்த வருஷம் ஒரு விருந்தில் போதையில் கைத்தடிக்குள் இருந்த வாளால் ரிம்போ கீறிவிட்டார். கோபத்தில் கார்ஜா நெகட்டிவ்களை உடைத்துவிட்டார் என்று சொல்வார்கள், அது எவ்வளவு உண்மையோ.) ரிம்போ கவிதைப் புத்தகத்தின் அட்டையில் இருந்த இந்தப் படத்தை ஆள் முகத்தின் அளவுக்கு நகலெடுத்து, முகமூடியாக்கி, 1978–79ல் கடன் வாங்கிய ஒரு 35 மில்லிமீட்டர் கேமராவோடு கிளம்பினார். அப்போது வயது இருபத்து நாலு. கவனியுங்கள், அந்த வயதில் ரிம்போ எழுதுவதை விட்டே மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

படம் எடுத்த இடங்களைப் பாருங்கள்: டைம்ஸ் ஸ்கொயரில் சினிமாக் கொட்டகைகளின் கீழே, கிறுக்கல் நிரம்பிய சப்வே பெட்டிக்குள், கோனி ஐலண்ட் கடற்கரையில், ஹட்சன் ஆற்றங்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த கப்பல்துறைக் கொட்டகைகளில், உரித்த மாடுகள் தொங்கும் இறைச்சிக் கிடங்குகளின் பக்கம், மலிவான சாப்பாட்டுக் கடையில். ஒன்றில் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிறார், ஒன்றில் படுக்கையில் தனியாக. பாரிஸ் தெரிகிற படமோ கவிதை எழுதுகிற படமோ நான் பார்த்தவற்றில் ஒன்றுகூட இல்லை. இவை எல்லாமே வாய்னரோவிச் தானே திரிந்த இடங்கள், தானே பிழைத்த இடங்கள். காலத்தை இறுக்கி ஒன்றாக அமுக்குவது மாதிரி, அந்தக் கவிஞனை இன்றைய நியூயார்க்கின் சட்டத்துக்கு வெளியே இருக்கிற வாழ்க்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். இது உறுதியான தகவல். கேமராவுக்குப் பின்னால்தான் அவர் நின்றார், முகமூடி பெரும்பாலும் நண்பர்கள் முகத்தில்தான் இருந்தது. 'நான்தான் ரிம்போ' என்று சொல்ல ஆசைப்பட்ட ஆள் முகமூடியை அடுத்தவனுக்கு ஏன் மாட்டிவிடப் போகிறார்? என் வாழ்க்கை நடந்த இடங்களில் வேறொருவன் நிற்கிறான், நான் தள்ளி நின்று பார்க்கிறேன் என்கிறார். 'நான் என்பது வேறொருவன்' என்ற வாக்கியத்தைக் கவிதையாகப் படித்தவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதைக் கேமராவை எங்கே வைப்பது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்ற வேலைக் குறிப்பாக இவர் படித்திருக்கிறார்.

முகமூடி என்ன செய்யும் என்று நான் தெரிந்துகொண்டது வகுப்பில். ஒரு வருஷம் மாணவர்களிடம் யாராவது ஒருவருடைய முகத்தை ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டு மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் வெளியில் வைத்து 36 படம் எடுத்து வாருங்கள் என்றேன். நானும் ஒரு குழுவோடு போனேன். முதலில் பையன் கோமாளி மாதிரி இருந்தான். டீக்கடையில் அவன் அதே கோலத்தில் கிளாஸை வாங்கிவிட்டு எப்படிக் குடிப்பது என்று முழிக்க, டீ மாஸ்டர் அவனைப் பார்க்காமலே அடுத்த டீயை ஆற்றிக்கொண்டு "மூஞ்சிய கழட்டி வெச்சிட்டுக் குடி தம்பி" என்றார். பத்து நிமிஷத்தில் மூச்சுக்காற்று பட்டு வாய்ப்பக்கம் தாள் ஊறிச் சுருங்கிவிட்டது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது பிரின்ட் போட்டபோது தெரிந்தது. முகம் 36 படத்திலும் ஒரே முகம், அதில் பார்க்க ஒன்றுமே இல்லை, அதனால் கண் வழுக்கிக்கொண்டு கைக்குப் போகிறது. கிளாஸைப் பிடித்திருக்கும் விரல், பாக்கெட்டில் பாதி நுழைந்த கட்டைவிரல், நிற்கத் தெரியாமல் நிற்கிற கால், பின்னால் சுவரில் கிழிந்த போஸ்டர். சாதாரண உருவப்படத்தில் முகம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், இங்கே ஊரும் உடம்பும் பேச ஆரம்பிக்கின்றன. வாய்னரோவிச்சின் படங்களுக்கு அப்புறம்தான் நான் திரும்பிப் போனேன், அங்கேயும் இதேதான். அந்த ஜீன்ஸும் சட்டையும் எழுபதுகளின் நியூயார்க், அந்தக் கைகள் உயிரோடிருக்கிற ஒரு நண்பனுடையவை, நடுவில் அந்த ஒரு முகம் மட்டும் நூறு வருஷமாக மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. கவிதை தெரியாதவருக்கும் அந்த இடறல் புரியும். ஆகவே படிக்காமல் பார்த்தால் புரியுமா என்ற உங்கள் கேள்விக்குப் புரியும் என்றுதான் சொல்வேன், படித்தால் கூட ஒன்றிரண்டு கதவு திறக்கும்.

இனி எதை விட்டார் என்று பார்க்கலாம். பழைய இருட்டறை ஆள் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ரிம்போவே புகைப்படம் எடுத்திருக்கிறார்! பிரான்ஸிலிருந்து கேமராவும் மருந்துகளும் வரவழைத்து, 1883ல் ஹராரில் தன்னையே எடுத்த மூன்று படங்களை வீட்டுக்கு அனுப்பினார். வீட்டு மாடியில் நிற்கிற ஒன்று, காப்பித் தோட்டத்தில் ஒன்று, வாழைத் தோட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒன்று. கழுவக் கிடைக்கிற தண்ணீர் மோசம், அதனால் எல்லாம் வெளுத்துப்போய்விட்டது என்று கூடவே எழுதியிருக்கிறார். பிரின்ட் கழுவியவர்களுக்கு இந்த வரியின் எரிச்சல் தெரியும். ஊறவைத்த மருந்து சரியாகப் போகாவிட்டால் படம் உங்கள் கண்முன்னாலேயே கெட்டுப்போகும், நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் படங்களில் வெள்ளை உடுப்பு போட்ட ஒரு ஒல்லியான ஆள் தெரிகிறார், முகம் இருக்கிற இடத்தில் கிட்டத்தட்ட ஒரு கறை. வயது இருபத்தெட்டுதான், ஐம்பது என்றாலும் நம்பலாம்.

உலகம் முழுக்க மாட்டி வைத்திருப்பது கார்ஜா எடுத்த முகத்தைத்தான், ஹரார் முகத்தை யாரும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்வதில்லை. வாய்னரோவிச்சும் விதிவிலக்கில்லை. துப்பாக்கி விற்றவன், கணக்கு எழுதினவன், காலனிய வியாபாரத்தின் ஓரத்தில் லாபம் தேடினவன், இவர்களில் யாரும் அவருடைய நியூயார்க்கில் இறங்கவில்லை. அவருக்கு வேண்டியது ஊரைவிட்டு ஓடிவந்த பையன். என்னைக் கேட்டால் உங்கள் 'சோம்பேறித்தனம்' என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிற ஒரே இடம் இதுதான். ரிம்போவிலிருந்து எடுத்துக்கொண்ட எல்லோரும், ராக் பாடகர்கள் பாட்டி ஸ்மித் (Patti Smith), ஜிம் மாரிசன் என்று நீளமான வரிசை, பெரும்பாலும் முதல் துண்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மற்றவர்கள் அந்தப் பையனைச் சாமியாக்கினார்கள், இவர் அவனை மாட்டுக்கறிக் கிடங்குப் பக்கம் நிற்க வைத்தார். எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. சாமி ஆக்கியிருந்தால் படத்தில் ஒளிவட்டம் மாதிரி ஏதாவது வந்திருக்கும், இங்கே ஒரு ஆள் சும்மா நிற்கிறார், பக்கத்தில் போகிறவர்கள் அவரைக் கண்டுகொள்வதுகூட இல்லை.

நம்மிடம் இதற்குப் பக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு. பாரதி இளமையில் 'ஷெல்லிதாசன்' என்று கையெழுத்துப் போட்டார், பின்னால் கனகசுப்புரத்தினம் 'பாரதிதாசன்' ஆனார். அங்கே எடுத்துக்கொண்டது பெயர், 'தாசன்' என்ற ஒட்டிலேயே யார் மேலே யார் கீழே என்பது தெரிந்துவிடுகிறது, அது பக்தி மரபிலிருந்து வந்த பழக்கம். வாய்னரோவிச் செய்ததில் அந்தப் பணிவு இல்லை. முன்னவரை எழுப்பி, என் ஊருக்கு வா, இங்கே நீ எப்படிப் பிழைத்திருப்பாய் என்று பார்க்கலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் நான் வரவில்லை.

இன்னொன்று, சந்தேகக் கணக்கில் வைக்க வேண்டியது. இதே 1978ல் எர்னெஸ்ட் பின்யோன் எர்னெஸ்ட் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ரிம்போவை ஆளுயரத்துக்கு வரைந்து, அச்சடித்து, பாரிஸிலும் ஷார்ல்வில்லிலும் சுவர்களில் ஒட்டினார். அவருடையதும் கார்ஜா முகம்தான், உடம்புக்கு இந்தக் காலத்து உடை. அந்தச் சமயத்தில் வாய்னரோவிச் அக்காவோடு சில மாதம் பாரிஸில் இருந்தார். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் யோசனை வந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வாய்ப்பு இருக்கிறது, அதைத் தாண்டி ஒன்றும் சொல்வதற்கில்லை. அதேபோல இருவரும் 37 வயதில் செத்தார்கள் என்பதை வைத்து விதி, மறுபிறவி என்றெல்லாம் எழுதுகிறார்கள். படம் எடுத்தபோது தான் எப்போது சாவோம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு எண் ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சாவு படங்களை மாற்றிவிட்டது என்பதை மறுக்க முடியாது. எடுத்தபோது அவை பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. 1980ல் ஒரு நியூயார்க் வாரப் பத்திரிகையில் சிலது வந்தது, மீதி நெகட்டிவாகவே கிடந்தது. அப்புறம் எய்ட்ஸ் வந்தது. அவருக்குக் காதலராகவும் பிறகு ஆசான் மாதிரியும் இருந்த புகைப்படக்காரர் பீட்டர் ஹூஜார் 1987 நவம்பரில் ஆஸ்பத்திரியில் செத்தபோது, அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு வாய்னரோவிச் அவரைப் படமெடுத்தார். அதில் பிரபலமானவை மூன்று: முகம், கை, பாதம். முகமூடிப் படங்களில் பத்து வருஷம் முன்னால் தனித்தனியாகப் பேசிய அதே மூன்று. நான் இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும். அடுத்த வருஷமே அவருக்கும் நோய் என்று தெரிந்தது. ஹூஜாரின் வீட்டிலேயே குடியேறி, அவருடைய இருட்டறையிலேயே வேலை செய்தார். 1990ல் ஒரு கண்காட்சிக்காக ரிம்போ நெகட்டிவ்களை மறுபடி எடுத்துப் பிரின்ட் போட்டபோது, அந்தக் கப்பல்துறைக் கொட்டகைகள் இடிந்து போயிருந்தன, அங்கே திரிந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. செத்தவனின் முகத்தை உயிரோடிருப்பவர்கள் மாட்டிக்கொண்டிருந்த படம், இப்போது செத்த ஊரின் படமாகவும் ஆகிவிட்டது. இது அவர் திட்டமிட்டது இல்லை.

இங்கேதான் அவர் தன் கவிஞனிடமிருந்து பிரிகிறார். ரிம்போவின் புராணமே அந்த மௌனம்தான், இவ்வளவு எழுதிவிட்டு எப்படி நிறுத்தினான் என்பதுதான் எல்லோரையும் இழுக்கிறது. தொடரில் ஒரு படத்தில் முகமூடிக்காரர் நிற்கிற கப்பல்துறைச் சுவரில் 'மார்செல் துஷாம்பின் மௌனம் மிகையாக மதிக்கப்படுகிறது' என்ற வாக்கியம் கிறுக்கியிருக்கும். ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் சொன்ன வாக்கியம் அது, துஷாம்பும் கலையை விட்டுச் சதுரங்கம் ஆடப் போனவர் என்று பெயர் வாங்கியவர். அதன் பக்கத்தில் ரிம்போ முகம்! அது வேண்டுமென்றே வைத்த குத்தல் என்றுதான் நான் படிக்கிறேன், நீங்கள் வேறு மாதிரியும் படிக்கலாம். எப்படியோ, வாய்னரோவிச் கடைசிவரை வாயை மூடவில்லை. 1989ல் ஒரு கண்காட்சி நூலுக்கு அவர் எழுதிய கட்டுரையில் அரசியல்வாதிகளையும் பாதிரியாரையும் திட்டியதைக் காட்டி, அரசின் கலை நிதி அமைப்பு அந்தக் கண்காட்சிக்குக் கொடுத்த 10,000 டாலரைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தது. அவருடைய படைப்புகளிலிருந்து ஆபாசமாகத் தெரிகிற துண்டுகளை மட்டும் வெட்டி ஒரு மத அமைப்பு துண்டுப்பிரசுரம் அனுப்பியபோது கோர்ட்டுக்குப் போய் 1990ல் ஜெயித்தார், நஷ்டஈடு ஒரு டாலர். எய்ட்ஸ் மருந்துக்காக நடந்த போராட்டத்தில் அவர் போட்டிருந்த ஜாக்கெட்டின் முதுகில், நான் எய்ட்ஸில் செத்தால் அடக்கம் வேண்டாம், என் உடலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் படியில் போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தது.

ரிம்போவின் கடைசிக் கடிதம் 1891 நவம்பர் 9 அன்று, சாவதற்கு முந்தின நாள், காய்ச்சல் பிதற்றலில் தங்கையிடம் சொல்லி எழுதவைத்தது. ஒரு கப்பல் கம்பெனி அதிகாரிக்கு. எனக்கு உடம்பு அசையவில்லை, எத்தனை மணிக்கு என்னைக் கப்பலில் தூக்கி ஏற்ற வேண்டும் என்று சொல்லுங்கள் என்று கேட்டு முடிகிறது. அந்தக் கடிதத்தையும் இந்த ஜாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் தன் உடம்பை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள், ஒருவர் கெஞ்சுகிறார், ஒருவர் மிரட்டுகிறார். வாய்னரோவிச் இதை நினைத்துத்தான் ஜாக்கெட் எழுதினார் என்று நான் சொல்லவில்லை, இது பார்க்கிற நான் கோத்தது. 1992 ஜூலையில் அவர் செத்தார். 1996ல் வாஷிங்டனில் எய்ட்ஸில் இறந்தவர்களின் சாம்பலை வெள்ளை மாளிகைப் புல்தரையில் வீசிய போராட்டத்தில் அவருடைய சாம்பலும் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் பார்க்க ஆரம்பிப்பதாக இருந்தால் முதலில் கார்ஜா எடுத்த முகத்தையும் ஹராரின் வெளுத்த படத்தையும் அருகருகே திறந்து வையுங்கள், அப்புறம் சப்வே படத்துக்குப் போங்கள், முகத்தை விட்டுவிட்டு கையைப் பாருங்கள். மே 1871 கடிதங்கள் இரண்டும் சின்னவை, ஒரு மாலையில் படித்துவிடலாம். நீங்கள் கேமரா வைத்திருப்பவர் என்றால் முகமூடிப் பயிற்சியை ஒருமுறை செய்து பாருங்கள், யார் முகம் என்பது உங்கள் இஷ்டம். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், ஜெராக்ஸ் தாள் தாங்காது.